பார்க்க வந்தவருக்கு இலவசம், சரி, மேடையில் வாசித்தவருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். காரைக்குடியில் ஒரு மன்றத்தில் சனிக்கிழமை இரவு நடந்த இலவச ராக் கச்சேரியால் காது கிழிந்துவிட்டது என்றும், கம்பன் விழா நடக்கும் ஊருக்கு இந்த மேனாட்டுக் கூத்து எதற்கு என்றும் கேட்டிருந்தார். ஐயா, அந்தக் காதைக் கிழித்தது நான்தான். அன்றைக்கு மைக் செட் என்னுடையது. அதனால் பதில் சொல்ல வேண்டியவனும் நானே. அப்படியே அவர் கேட்காமல் விட்ட ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்.

நான் 1978-இல், பதினாறு வயதில், கூம்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தென்னை மரம் ஏறிக் கட்ட ஆரம்பித்தவன். காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது கடையை மகன் பார்க்கிறான். அவனிடம் பெரிய பாக்ஸ், டிஜிட்டல் மிக்ஸர் எல்லாம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை அவை மொத்தமும் தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டன. மன்றத்திலிருந்து போன் வந்தபோது வீட்டில் இருந்தது நானும் என் பழைய செட்டும்தான். “மூணு பேண்டு வருது, எல்லாம் இண்டி ராக்காம். ஊருக்கு இலவசமாப் பண்றோம். நீங்களும் ஒரு சேவையா நினைச்சு வந்துடுங்க” என்றார்கள். சேவை என்ற சொல்லைக் கேட்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். என்ன செய்வது, ஆசை. ராக் கச்சேரிக்கு நான் இதுவரை மைக் கட்டியதில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கே போய்விட்டேன். மூன்று குழு, மொத்தம் பதின்மூன்று பேர். ஒரு குழு மதுரை, ஒன்று திருச்சி. சென்னைக் குழு முதல் நாள் ராத்திரியே பல்லவன் ரயிலில் வந்து இறங்கி, லாட்ஜில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழுந்து வந்திருந்தது. எல்லாம் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பிள்ளைகள். என்னை முதலில் ‘சார்’ என்றார்கள், அரை மணி நேரத்தில் ‘அண்ணே’ ஆனேன், சாயங்காலத்துக்குள் ‘அப்பா’ ஆகிவிட்டேன்.

மன்றத்துக் கூடம் பழைய வீட்டு அமைப்பு. சுற்றிலும் தூண், தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். எத்தனையோ வருடம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்த தரை, குனிந்தால் முகம் தெரியும். அதன் மேல் டிரம்ஸை வைத்து அந்தப் பையன் நாலு மிதி மிதித்தான். பெரிய டிரம் ஒரு சாண் முன்னால் போய்விட்டது. இன்னும் நாலு மிதி, இன்னும் ஒரு சாண். அவன் முக்காலியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறான், சிராவயல் மஞ்சுவிரட்டில் மாட்டுக்குப் பின்னால் ஓடுகிறவன் மாதிரி. மன்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, டிரம்முக்கு முன்னால் என் மைக் ஸ்டாண்ட் நின்றது. கூட வந்த பையனை வண்டியில் வீட்டுக்கு அனுப்பி, பவானி ஜமுக்காளத்தையும் பழைய அம்மிக் குழவியையும் எடுத்து வரச் சொன்னேன். ஜமுக்காளத்தை விரித்து அதன் மேல் முக்காலி, டிரம் எல்லாவற்றையும் ஏற்றினேன். உட்காருகிற ஆளின் கனமே ஜமுக்காளத்தைப் பிடித்துக்கொள்ளும். டிரம்முக்கு முன்னால் குழவியை முட்டுக் கொடுத்தேன். அப்புறம் ராத்திரி வரைக்கும் அது ஒரு நூல் நகரவில்லை.

அடுத்தது எதிரொலி. நம் ஊர் வீட்டுச் சுவர் வழுவழுவென்ற சுண்ணாம்புப் பூச்சு. அடிக்கிற சத்தம் சுவரில் மோதித் தரையில் விழுந்து, தரையிலிருந்து தூணுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். நாதஸ்வரத்துக்கு இந்தக் கூடம் கொடுத்துவைத்தது. டிரம்ஸுக்கு விஷம், ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து விழுகிறது அல்லவா. பந்தல்காரரிடம் கேட்டு நாலு படுதா வாங்கி மூன்று பக்கமும் தொங்கவிட்டேன். மீதியை ஆள் வந்தால் ஆளே குடித்துவிடும். கூட்டம் உட்கார்ந்துவிட்டால் எந்தக் கூடமும் அடங்கும்.

பெரிய விஷயம் இனிமேல்தான். சென்னைக் குழுவில் பாடுகிற பெண், கிடாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாயை வைத்ததும் ‘சுளீர்’ என்று உதட்டில் அடித்தது. பதறிப் பின்னால் போனது. நான் உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். பழைய கட்டடம்; கிடார் ஆம்ப்ளிஃபயரைச் செருகிய பிளக்கில் எர்த்தே கிடையாது, என் செட் இன்னொரு பக்கம் எர்த் உள்ள போர்டில் ஓடுகிறது. கிடார் கம்பியில் ஒரு கை, மைக்கில் உதடு, நடுவில் அந்தப் பிள்ளையின் உடம்பு. இரண்டையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று பல்ப் வைத்துப் பார்த்த பிறகுதான் மறுபடி மைக்கைக் கையில் கொடுத்தேன். கிடாரில் வந்துகொண்டிருந்த ‘ஹம்’ சத்தமும் அதோடு போய்விட்டது. கச்சேரி வைக்கிறவர்கள் பேனர் அடிப்பதற்கு முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்க வேண்டும். சேவைக்கு வந்த கிழவனுக்கு அது தெரிந்திருந்தது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம்.

சரி, காது கிழிந்த கதைக்கு வருகிறேன். கடிதம் எழுதியவர் சொன்னது பாதி உண்மை. ஏழு மணிக்குத் தொடங்கினோம். முதல் அரை மணி நேரம் என் பாக்ஸ் இரண்டும் வாசலைப் பார்த்து நின்றன, முகப்புக் கதவும் விரியத் திறந்திருந்தது. தெருவுக்குச் சத்தம் அப்படியே போயிருக்கிறது. தப்பு என்னுடையது. டீ குடிக்க வெளியே வந்தபோது தெரிந்தது. உள்ளே போய்ப் பாக்ஸைத் திருப்பி வைத்துக் கதவையும் சாத்தச் சொன்னேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது; மூடிய அரங்கத்துக்கு உள்ளே கேட்கும்படி வைப்பதற்கு விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறதே என்று நாங்கள் இழுக்கவில்லை, 9.50-க்கு முடித்துவிட்டோம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அதனால் ஒரு பெரிய ராக் மேடையே போயிருக்கிறது என்று டிரம்ஸ் பையன் சொன்னான். மும்பையில் ரங் பவன் என்று ஒரு திறந்தவெளி அரங்கம். 1986-இல் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ராக் என்ற விழா அங்கேதான் நடந்துவந்ததாம். பக்கத்திலேயே கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இருக்கிறதால் அமைதி மண்டலம் என்று சொல்லி அங்கே கச்சேரியை நிறுத்திவிட்டார்கள். ஆக, சத்தத்தைப் பற்றிக் கேட்பது நியாயம். அதற்கு நான் கட்டுப்பட்டவன்.

‘மேனாட்டுக் கூத்து’ என்று எழுதினாரே, அதைத்தான் ஒப்ப முடியவில்லை. நம் நாடக மேடையில் விடிய விடிய வாசிக்கும் ஆர்மோனியம் எங்கிருந்து வந்தது? பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் கப்பலில் ஏற்றி வந்து வீடு கட்டிய ஊர், கிடாரைப் பார்த்து முகம் சுளிப்பதாவது!

‘இண்டி’ என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளிடமே கேட்டேன். கம்பெனியை நம்பாமல் சொந்தக் காசில் தாங்களே பாட்டை வெளியிடுகிறவர்கள் என்றார்கள். 1977-இல் இங்கிலாந்தில், மான்செஸ்டர் பக்கம், பஸ்காக்ஸ் என்று ஒரு குழு 500 பவுண்டு கடன் வாங்கி, தாங்களே 1,000 இசைத்தட்டு அடித்து விற்றார்களாம். அவர்களைப் பார்த்துத்தான் பலபேர் துணிந்தார்களாம். இதைச் சொன்ன பையன் முகத்தில் ஒரு பெருமை. நான் விடவில்லை. “தம்பி, நீங்க வந்து நிக்கிற ஊர் எதுன்னு தெரியுமா?” என்று ஏ.வி.எம். மெய்யப்பன் கதையைச் சொன்னேன். இந்த ஊரில் குடும்பக் கடையில் கிராமபோன் தட்டு விற்றவர், விற்றது போதும் நாமே தயாரிக்கலாம் என்று சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். யுத்த காலத்தில் திரும்பி வந்து தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். அப்புறம்தான் கோடம்பாக்கமெல்லாம். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

கச்சேரி எப்படி என்றால், என் அபிப்பிராயம் இது: மதுரைக் குழு நன்றாக வாசித்தது, ஆனால் பாடியவர் சொன்ன சொல் ஒன்றுகூட விளங்கவில்லை, அது மைக்கின் குற்றமும் இல்லை. திருச்சிக் குழு எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாக இருந்தது. சென்னைக் குழுதான் கூடத்தைப் பிடித்தது. வேளச்சேரியில் வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரரைப் பற்றி அந்தப் பெண் ஒரு பாட்டுப் பாடியது. முன்வரிசையில் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அவர்களில் நாலு பேராவது வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்கள், எனக்கே தெரியும். கல்லூரிப் பிள்ளைகள் பின்னால் நின்றுகொண்டு ஆடினார்கள். நாற்காலி 250 போட்டிருந்தது, ஒன்றும் காலி இல்லை. நின்றவர்கள் கணக்கு தனி.

இனி என் கேள்வி. பேனரில் ‘அனுமதி இலவசம்’ என்று முழ நீள எழுத்தில் போட்டிருந்தார்கள். ரொம்ப நல்லது. அந்தப் பதின்மூன்று பேருக்கு என்ன கொடுத்தார்கள்?

ஆளுக்கு ஒரு பொன்னாடை. ஒரு நினைவுப் பரிசு, கண்ணாடி போட்ட பிள்ளையார். சாயங்காலம் போண்டா, டீ. அவ்வளவுதான். பஸ் காசு கிடையாது, லாட்ஜ் வாடகை கிடையாது. “உங்களுக்கும் ஒரு விளம்பரம்தானே தம்பி” என்று பொறுப்பாளர் ஒருவர் தோளில் தட்டிச் சொன்னதை இரண்டடி தள்ளி வயர் சுற்றிக்கொண்டிருந்த நான் கேட்டேன். அதே நேரம் பின்கட்டில் இலை விழுந்தது. உறுப்பினர்களுக்குப் பிரியாணி. வாசித்த பிள்ளைகள் வாசனை பிடித்து அந்தப் பக்கம் போனபோது, உணவுக் கூடம் உறுப்பினர்களுக்கு மட்டும், அது மன்றத்தின் விதி என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார். பிள்ளைகளும் மரியாதையாகத் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார்கள், தோளில் பொன்னாடையோடு.

எனக்கு இது புதிதில்லை. கல்யாண வீட்டில் மேளக்காரருக்கும் மைக் செட்காரனுக்கும் கடைசிப் பந்தி என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன் நான். ஆனால் கடைசிப் பந்தியிலாவது இலை போடுவார்கள்.

மதுரை, திருச்சிக் குழுக்கள் வண்டி பிடித்துக் கிளம்பிவிட்டன. சென்னைப் பிள்ளைகள் ஐந்து பேரையும் வீட்டுக்கு அழைத்துப் போனேன். மணி பதினொன்று. என் மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். இட்லி, கத்தரிக்காய் கோசமல்லி. அந்த டிரம்ஸ் பையன் பதினாலு இட்லி சாப்பிட்டான், நான் எண்ணவில்லை, அவள் எண்ணினாள். விடிகாலைப் பல்லவனில் ஏற்றிவிட்டு வந்தேன்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குட்டியானை வண்டி வாடகை 1,200, ஜெனரேட்டருக்கு டீசல் 1,500, இரண்டு பையன்களுக்குச் சம்பளம் 1,400. ஆக 4,100 ரூபாய் கையிலிருந்து போனது. எனக்கு அது பெரிய குறை இல்லை, பேராண்டிக்கு வாங்கிக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வேன். அந்தப் பிள்ளைகளால் அப்படி நினைத்துக்கொள்ள முடியாது. விளம்பரத்தை ஊற்றினால் ஜெனரேட்டர் ஓடுமா?

இலவசமாகக் கலை பார்ப்பது நமக்குப் புதிது போல யாரும் பேச வேண்டாம். நம் பக்கத்தில் எந்த ஊர்த் திருவிழாவில் நாடகம் பார்க்க டிக்கெட் வாங்கியிருக்கிறோம்? வள்ளி திருமணம் போட்டால் மணலில் துண்டை விரித்து விடிய விடியப் பார்ப்போம், ஒரு பைசா கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த நாடகம் இலவசமாகவா நடந்தது? முன்கூட்டியே தலைக்கட்டு வரி போட்டு வீடு வீடாக வசூல் பண்ணியிருப்பார்கள். தாம்பூலத்தில் வைத்து அச்சாரம் கொடுத்திருப்பார்கள். ராஜபார்ட்டுக்கு இவ்வளவு, ஸ்த்ரீபார்ட்டுக்கு இவ்வளவு, பபூனுக்கு, ஆர்மோனியத்துக்கு, மிருதங்கத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்த தொகை. நடுவில் பபூன் நல்லதாக ஒரு போடு போட்டால், கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து போய் நோட்டைக் குத்துவார். ‘இன்னார் அன்பளிப்பு ரூபாய் நூற்றி ஒன்று’ என்று என் மைக்கில் சொல்வார்கள். விடிந்ததும் கணக்கைத் தீர்த்து, காப்பித் தண்ணி கொடுத்துத்தான் வண்டி ஏற்றுவார்கள். ஒரு வருடம் மழை பெய்து நாடகம் பாதியில் நின்றது. அப்போதும் பேசிய பணத்தில் குறைக்கவில்லை, ஊர் அம்பலகாரர் “மழைக்கு அவுக என்னப்பா பண்ணுவாக” என்றார். அந்த ஊரில் கூரை வீடுதான் அதிகம்.

இப்படிப் பலபேர் சேர்ந்து செய்கிற கலையில் ஆள் கணக்கும் உண்டு. 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக் குழு முதன்முதலாக மேடை ஏறியபோது 19 பேர். கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். மகன் யூடியூபில் காட்டினான். எல்லாரும் பாட்டைக் கேட்பார்கள், நான் மைக்கை எண்ணிக்கொண்டிருந்தேன், தொழில் புத்தி. 19 பேர் என்றால் 19 சாப்பாடு, 19 படுக்கை, 19 கூலி. யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டால்தான் அப்படி ஒரு மேடை நடக்கும்.

மன்றத்தாருக்கு நான் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். டிக்கெட் வைக்க வேண்டாம், இலவசமாகவே இருக்கட்டும். காசு இல்லாத கல்லூரிப் பிள்ளை உள்ளே வந்து ஆடிவிட்டுப் போகட்டும். வாசலில் ஒரு எவர்சில்வர் குடத்தை வைத்து வாயில் மஞ்சள் துணி கட்டி, பக்கத்தில் க்யூஆர் அட்டை ஒன்றை நிறுத்துங்கள். நம்மவர்கள் மொய் எழுதிப் பழகிய கை, சும்மா தாண்டிப் போகாது. 250 நாற்காலிக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் விழுந்தாலே 12,500. குறைந்தால் மன்றம் போடட்டும். பேனருக்கும் பிரியாணிக்கும் பணம் இருந்ததே. குழுக்களைக் கூப்பிடும்போதே தொகை எவ்வளவு என்று பேசி, பாதியை அச்சாரமாக அனுப்புங்கள். வாசித்தவர்களை முதல் பந்தியில் உட்கார வையுங்கள். விதி இடம் கொடுக்காவிட்டால் அன்றைக்கு ஒரு நாள் அவர்களை உறுப்பினராக்கிக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு தீர்மானம் போதும். கம்பன் விழாவைச் சொல்லிக் குத்திக்காட்டிய வாசகருக்கும் ஒன்று. 1939-இல் சா. கணேசன் அந்த விழாவைத் தொடங்கி, குறித்த நேரத்தில் ஆரம்பித்துக் குறித்த நேரத்தில் முடிப்பது என்று ஒரு ஒழுங்கை வைத்துவிட்டுப் போனார். ராக் கச்சேரிக்கும் அந்த ஒழுங்கு வரட்டும், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மிக்ஸர் பக்கத்தில் உட்காருகிறேன். பாக்ஸை உள்பக்கமே திருப்பி வைக்கிறேன். வாசகரும் வரட்டும், பஞ்சு நான் தருகிறேன்.

அடுத்த கச்சேரி சித்திரையில் என்று கேள்விப்பட்டேன். கூப்பிட்டால் வருவேன். வாடகை 6,000, அச்சாரம் 3,000.

இப்படிக்கு,
மைக் செட்காரர் ஒருவர்,
செக்காலை, காரைக்குடி.

பின்குறிப்பு: எங்கள் பவானி ஜமுக்காளம் இன்னும் மன்றத்தில்தான் இருக்கிறது. குழவியை மறுநாளே எடுத்து வந்துவிட்டேன், ஜமுக்காளத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். அது என் மாமியார் வீட்டுச் சீர். இரண்டு தடவை போய்க் கேட்டேன், சாவி வைத்திருப்பவர் வெளியூர் என்கிறார்கள். இதைப் படிக்கும் மன்றத்தார் யாராவது தயவுசெய்து கொடுத்தனுப்பவும். ஓரத்தில் மஞ்சள் கறை இருக்கும், அது பழையது.